வாசலில் நிற்கும் டீச்சர்

பெற்றோருக்கான பெஞ்சில் இன்று மூன்றாம் வகுப்பு டீச்சரே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருக்கும் இரண்டாம் வகுப்பு டீச்சர் தினமும் அவளோடு சோற்றைப் பகிர்ந்து சாப்பிடும் சிநேகிதிதான். ஆனால் இன்று அவளை அம்மாவாகக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறாள். நடுவே மகள் பாடப்புத்தகத்தோடு நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மெல்ல மிதக்கிறது. "வாசிம்மா," என்கிறாள் சிநேகிதி. "நரி கிணற்றுக்குள் எட்... எட்..." அதற்குமேல் வரவில்லை. குழந்தையின் கண் எழுத்தை விட்டு அம்மாவின் முகத்துக்கு ஏறுகிறது. அம்மாவின் புருவம் தானாக நெரிகிறது. "தினமும் வீட்ல உட்கார வச்சு, அடிக்காத குறையா சொல்லித் தர்றேன்," என்கிறாள். சொன்னது அவள் காதையே சுடுகிறது. "ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. எல்லாம் சும்மா!" என்று சிரிக்கப் பார்க்கிறாள். கூடச் சிரிக்க ஆளில்லை. சிநேகிதி அவள் கையைத் தொடுகிறாள். "தப்பா எடுத்துக்காத. நீ கொஞ்சம் வெளியே நில்லேன்."

வராந்தாவில் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்கிறது. பிறகு மகளின் குரல், நரி, கிணறு, நிலா, வாளி என்று எங்கும் தடுக்காமல் ஓடுகிறது. நடுவே களுக்கென்று ஒரு சிரிப்பு. வீட்டில் ஒருநாளும் கேட்டிராத சிரிப்பு. உள்ளே போய் மகளை அள்ளிக்கொள்ளக் கால் பரபரக்கிறது. போனால் அந்தக் குரல் நின்றுவிடும். தன் நிழல் வாசலில் விழுந்துவிடாதபடி இன்னும் ஓரடி பின்னால் நகர்கிறாள்.