நியூட்ரினோவோடு வந்த கற்பனை எண்

சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோ என்ற நுண்துகளோடு மெய்யெண்ணும் கற்பனை எண்ணும் பூமிக்குப் பயணப்பட்டன. "நீயெல்லாம் ஒரு எண்ணா? பெயரிலேயே கற்பனை," என்று மெய்யெண் வழியெல்லாம் இடித்துக்காட்டியது. கற்பனை எண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

நியூட்ரினோ அதைத் தேற்றியது. "நீ என் அலையைச் சுழற்றுவதால்தான் என்னால் வழியிலேயே ஒரு வகை நியூட்ரினோவிலிருந்து இன்னொரு வகைக்கு மாற முடிகிறது. மனம் தளராதே."

பூமியில் ஆய்வுக்கூட வாசலில் காவலர் தடுத்தார். "கற்பனை எண்கள் தங்கள் கண்ணாடிப் பிம்பத்தோடு பெருக்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம்."

கற்பனை எண்ணும் அப்படியே பெருக்கிக்கொண்டது. உடனே மெய்யெண்ணாகிவிட்டது. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு உள்ளே போனது.

ஆய்வாளர் கேட்டார்: "வழியில் இந்த நியூட்ரினோவை மாற்றியது யார்? கற்பனை எண் ஏதாவது கூட வந்ததா?"

"கற்பனை எண்ணா?" புதிதாக மெய்யெண்ணானது முகத்தைச் சுளித்தது. "அந்த மாதிரி ஆட்களோடு எங்களுக்குப் பழக்கமில்லை."