ஏழாம் தளத்துக்கு ஆள்

சுரங்கத்தின் ஏழாம் தளத்தில் கூரைப்பாறை விரிசல் விட்டிருந்தது. ஆனாலும் அங்கே குவிந்து கிடந்த தாதுவை யாராவது போய் அள்ளி லாரியில் ஏற்றியாக வேண்டும். யார் போவது என்று இப்போதெல்லாம் மேஸ்திரி சொல்வதில்லை. வாசலில் இருக்கும் இயந்திரம்தான் சொல்லும். பதிவில் இருக்கும் சொந்தங்களையும் வேலைத்திறனையும் கணக்கிட்டு, யார் செத்தால் இழப்பு குறைவோ, அவர் பெயர் திரையில் வரும்.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள் ரோஸ்லின். வீட்டில் இனி அவளுக்கு யாருமில்லை. திரையில் அவள் பெயர் வந்தது.

பக்கத்தில் நின்ற ஃபிட்டர் தேவசகாயம் அவள் கையைப் பிடித்தான். "நானும் தனியாள்தான். புருஷன் பொண்டாட்டின்னு இப்பவே பதிஞ்சிடலாம். உனக்கு நான், எனக்கு நீ."

"சாட்சி வேணுமே?"

அநாதை விடுதியில் வளர்ந்த அற்புதம் வரிசையிலிருந்து ஓடிவந்து இயந்திரத்தில் விரல் வைத்தாள். "கல்யாணச் சாப்பாடு எப்போக்கா?" என்று சிரித்தாள்.

ரோஸ்லினின் பெயர் அழிந்தது. அதே இடத்தில் அற்புதத்தின் பெயர் வந்தது.

அற்புதம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். ரோஸ்லின் கூப்பிட நினைத்தாள்; கூப்பிடவில்லை.

மதியம் பாறை சரிந்தது. உடலைத் துணியால் மூடி மேலே கொண்டுவந்தார்கள்.

"இந்தப் பொண்ணுக்குச் சொந்தம்னு யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் காவலாளி.

ரோஸ்லின் முன்னால் வந்தாள். "நான் இருக்கேன். என் தங்கச்சி."

காவலாளி வாசல் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இதக் காலையிலேயே பதிஞ்சிருக்கலாமேம்மா."