வலம் வந்த சத்தம்

அப்பா நாற்காலியை இழுத்து வீட்டின் நடுவில் போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ம், விடு. ஒண்ணொண்ணா அமுக்குட்டி, அவசரப்படாத."

வீடு என்றால் தாராவி வீடு. நடுவில் நாற்காலி போட்டுவிட்டால் நடுவைத் தவிர வேறு இடமே இருக்காது. அதனால் நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டேன். எதிரே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது வாசலில் இடி விழுந்தாலும் கேட்காது. உள்ளே அவ்வளவு மோசமில்லை.

அப்பாவைச் சுற்றி உல்லாஸ்நகரில் வாங்கிய பழைய ஸ்பீக்கர்கள். டிவிக்கு இடப்பக்கம் ஒன்று, டிவியின் மேல் முருகன் படத்துக்குக் கீழே ஒன்று, வலப்பக்கம் ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று. பின்னால் வலது பரணில், இடது தண்ணீர் டிரம் மூடியில். ஆறாவது, தம் தம் என்று அதிர்கிற பெட்டி, கட்டிலுக்கு அடியில். அதைச் சோதிக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டு அபயாம்பாள் அக்கா சுவரைத் தட்டிச் சொல்லிவிடுவாள்.

அம்மா மாட்டுங்காவுக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். அவள் இருந்தால் டிரம் மேல் கைவைக்க விடுவாளா?

என் மகள் பொட்டலம் கட்டுகிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். தீபாவளிக்கு மிக்சர் வேண்டும் என்று ஒருத்தி என்னிடமே வந்து கேட்டாள். என் தலையெழுத்து! நான் கட்டுவது மென்பொருள் பொட்டலம்.

ஆறு ஸ்பீக்கருக்கான சத்தத்தையும் சுருக்கி, ஒளியாக ஒரே கேபிளில் அனுப்புகிற சின்னச் செருகுநிரல் அது. எழுதியவர் எங்கோ இருக்கிறார். லினக்ஸ் வைத்திருக்கும் யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி அதைக் கட்டித் தருவது நான். சம்பளம் கிடையாது, பெயர் மட்டும்தான்.

போன தடவை அந்தப் பெயருக்கும் கேடு வந்தது. தாணேயிலிருந்து இஜாஸ் எழுதினான்: படத்தில் பேசுகிற குரல் முன்னால் வராமல் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறதாம். எங்கள் குழுவில் எல்லாப் பொட்டலங்களையும் பார்த்து அனுமதிப்பவன் அவன்தான். இன்று சாயங்காலத்துக்குள் சரியானது போகாவிட்டால், புது வெளியீட்டிலிருந்து என்னுடையதைத் தூக்கிவிடுவான்.

நான் விடுவேனா? உன் ஒயரைப் பார், முதலில் உன் காதைக் காட்டி மருந்து வாங்கு என்று அவனோடு மல்லுக்கு நின்றேன். அப்பா கேட்டுச் சரி சொன்ன பிறகு போன பொட்டலம் அது. எனக்கு அந்தத் தைரியம்.

நானே கேட்டால் ஆகாது. எந்த விசைக்கு எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததையே காது கேட்டுத் தொலைக்கும். அதனால் நான் விசையை அமுக்குவேன், ஒரு பெட்டியில் மணி அடிக்கும், சத்தம் வந்த பக்கம் அப்பா கையை நீட்டுவார். வரிசை அவர் வைத்தது. கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் வர வேண்டும், இடமாகச் சுற்றினால் விளங்காது என்றார். ஒன்று முதல் ஐந்து வரை அப்படியே அடுக்கிவிட்டேன்.

பொட்டலத்தின் குறிப்பில் 'கேட்டுச் சரிபார்த்தவர்: கணேசபாண்டியன்' என்று போட்டிருக்கிறேன். அப்பா அதை ஃபோனில் படமெடுத்துத் தன் பட்டறை முழுக்கக் காட்டினார். நசுங்கிய எண்ணெய் டின்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற பட்டறை. அங்கே எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அவர் கத்துவார், பதிலுக்கு நாங்களும் கத்துவோம்.

அபயாம்பாள் அக்கா இடுப்பில் குடத்தோடு, வழியில் உட்கார்ந்திருந்த என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனாள்.

ஒன்றை அமுக்கினேன். அப்பாவின் கை முன் இடப்பக்கம் நீண்டது.

இரண்டு. முருகனைக் காட்டினார்.

மூன்று, ஃப்ரிட்ஜ். நான்கு, பரண். ஐந்துக்கு, திரும்பியே பார்க்காமல், பின்னால் டிரம்.

"ஏக்தம் பராபர்! ரொம்பச் சரி!" என்று மில்லையும் மீறிக் கத்தினார்.

இஜாஸுக்குத் தட்டினேன்: 'அப்பா கேட்டாயிற்று. இப்போது என்ன சொல்கிறாய்?' அனுப்பப் போகும்போதுதான் என் முழங்காலில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

கேபிளைச் செருகும் துளையிலிருந்து வருகிற வெளிச்சம். கேபிள் உள்ளே இருந்தால் அது வெளியே தெரியாது.

கேபிள், அக்கா தாண்டிப் போன இடத்தில், கழன்று என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா அடுத்த சுற்றுக்குத் தயாராக இருந்தார். அவர் பார்வை என் விரலில் இருந்தது.

கேபிளைச் செருகாமலே ஐந்தை அமுக்கினேன்.

அப்பா முதலிலிருந்து தொடங்கினார். முன் இடப்பக்கம், கொஞ்சமும் தயங்காமல், கையை நீட்டினார்.

எதிரே மில் நின்றது. சந்தே அமைதியானது. "அப்பா" என்று கூப்பிட்டேன், கத்தாமல், எல்லா வீட்டிலும் கூப்பிடுகிற மாதிரி. அவர் இன்னும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டியதை அழித்தேன். 'நீ சொன்னதுதான் சரி இஜாஸ். இந்தத் தடவை நீயே கேட்டுச் சொல்' என்று எழுதி அனுப்பினேன். குறிப்பில் இருந்த பெயரைத் தொடவில்லை.

பிறகு அப்பாவுக்குத் தெரியும்படி கட்டைவிரலை நன்றாக உயர்த்திக் காட்டினேன்.

"சொன்னேம்லா!" என்று கத்தினார்.