நன்றிக் குழாய்

நாள் முழுக்கக் குவாரியில் சம்மட்டி அடித்த தோள்பட்டை, காலிக் குடத்தைத் தூக்கினாலே விண்ணென்று தெறித்தது. ஆனாலும் சடையன் முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்தால் குழாய் திறக்காது.

குவாரி வெடியில் கிணறுகள் வற்றிய பிறகு, ஊரைத் தத்தெடுத்த அதே குவாரிக் கம்பெனி வைத்துக்கொடுத்த குழாய். எதிரில் நிற்பவர் முகத்தில் மனசார நன்றி தெரிந்தால்தான் தண்ணீர் விடும். பொய்ச் சிரிப்பு அதனிடம் செல்லாது.

அவனுக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அங்கம்மா பல்லைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள். அந்த வெடிக்குப் புருசனைப் பறிகொடுத்தவள். குழாய் அசையவில்லை.

"என் மூஞ்சி அதுக்குப் புடிக்கல. நீ வாடா தம்பி," என்று ஒதுங்கினாள்.

சடையன் கண்ணை மூடினான். மகள் பிறந்து மனைவி ஜன்னி கண்டு கிடந்தபோது, அந்தச் சிசுவையும் தன் பிள்ளையோடு மடியில் போட்டுப் பால் கொடுத்த அங்கம்மாவை நினைத்தான். தினமும் அதைத்தான் நினைப்பான். தண்ணீர் கொட்டியது.

"அப்பிடி யாரடா நெனைக்கிற? சொன்னா நானும் நெனச்சுக்குவேன்ல."

"கம்பெனிக்காரங்களத்தான்க்கா."

"நல்லா நெனச்ச, போ!"

தண்ணீரைப் பங்கு போட்டால் கம்பெனிக்காரர்கள் இரண்டு வீட்டுக்கும் நிறுத்திவிடுவார்கள். நிறைகுடத்தோடு அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். அவள் காலிக் குடத்தோடு மறுபடியும் குழாய் முன்னால் போய் நின்றாள்.

தினமும் குழாய்க்குக் காட்டுகிற நன்றியை அவளிடம் அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அது இன்னும் பாக்கி.