பேசாத கழிவறை

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: மாமியார் ஞானசௌந்தரி, கணவன் முகிலன், கைப்பேசித் திரையில் நாத்தனார், குளியலறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த அல்லி.

"வாழ்த்துகள்! ஆறாவது வாரம். குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டது" என்று, சிறுநீரைச் சோதித்து முடிவு சொல்லும் அந்த வீட்டுப் பேசும் கழிவறை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

"எங்கிட்டயே மறைச்சிட்டியேடி!" என்றார் மாமியார்.

"பேர் வைக்கிறதையும் அந்தக் கக்கூஸ்கிட்டயே விட்டுடுங்க அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தாள்.

 போன முறையும் அல்லி சொல்லுமுன் கழிவறைதான் முந்திக்கொண்டது. ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தபோது, வாழ்த்திய நாற்பது பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

அவள் பையை எடுத்தாள்.

"எங்க போற?" என்றான் முகிலன்.

"அக்கா வீட்டுக்கு. அங்க கக்கூஸ் பேசாது. மூணு மாசம் முடியட்டும், மத்தவங்களுக்கு நானே சொல்றேன்."

மதியம், அக்கா வீட்டுப் பழைய கழிவறைக்குள் வாந்தியெடுக்க நுழைந்தவள், கதவைச் சாத்தித் தாழிட்டாள்.