மார்க் கூடிட்டு

எமில்டாவின் குடலில் இருக்கும் புற்று அடங்குகிறதா என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் அந்த எண்ணை அவள் வீட்டில் ‘மார்க்’ என்றுதான் சொல்வார்கள். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தெரியாமல் பேசுவதற்காக அவள் கணவன் சகாயம் கண்டுபிடித்த வார்த்தை. கீமோ தொடங்கியதிலிருந்து மார்க் குறைந்துகொண்டே வந்தது. குறைந்த அன்றெல்லாம் சகாயம் சீலா மீன் வாங்கி வந்தான்.

இன்று கூடியிருந்தது. “ஒரு தடவைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, அடுத்த ரத்தத்தப் பாப்போம்” என்றார் டாக்டர். எமில்டாவுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து கம்பளிக் கையுறையோடு துணி மடித்தாள். மருந்து ஏறியபிறகு விரல்கள் மரத்துக் கிடக்கும். குளிர்ந்தது பட்டால் மட்டும் ஊசியாய்க் குத்தும்.

வாசலில் நின்று சகாயம் தன் அண்ணனிடம் போனில் சொன்னான்: “மார்க் கூடிட்டுண்ணே.”

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு ஸெய்தூன் அக்கா பால்கோவாவோடு வந்தாள்.

“தம்பி போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. பிள்ளைக்கு மார்க் கூடிட்டாமே!”

எமில்டா சகாயத்தைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாக்கா, நல்லாவே கூடிட்டு” என்றாள் எமில்டா.

“அடுத்த தடவ இன்னும் கூடும், பாரு” என்று அக்கா கிண்ணத்தை நீட்டினாள்.

பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த எவர்சில்வர் கிண்ணம். வெளியெல்லாம் வேர்த்திருந்தது. எமில்டா கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள்.