எண்ணெய் போட்ட தாழ்ப்பாள்

மூன்றாவது தடவையும் தட்டியாயிற்று. கதவு அசையவில்லை.

புதிய பேராயர் கையில் கோலோடு பேராலய வாசலில் நின்றார். புது அங்கிக்குள் முதுகெல்லாம் வியர்வை.

பின்னால் திருமண்டலமே நின்றது. போதகர்கள், பாடகர் குழு, வேன் பிடித்து வந்த ஊர்க்காரர்கள். ஓரமாக லத்தியோடு போலீஸ்.

புதிய பேராயர் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். மூத்த போதகர் உள்ளிருந்து திறந்து, கைபிடித்துக் கூட்டிப்போய் ஆசனத்தில் உட்கார வைக்க வேண்டும். அதுதான் முறை. இதற்குப் போய் இதுவரை எந்தப் பேராயரும் பயந்ததில்லை. தட்டினால் திறப்பார்கள், அவ்வளவுதானே.

இந்தத் தடவை மூத்த போதகர் மாசிலாமணி.

பேராயர் தேர்தலில் இவரிடம் தோற்றுப்போன அதே மாசிலாமணி.

"கதவு திறந்தாத்தான உள்ள வந்து உக்காருவாரு" என்று மாசிலாமணியின் ஆட்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். ஒரு வாரமாக ஊரெல்லாம் இதே பேச்சு. இவர் காதில் வாங்காததுபோல் சிரித்துக்கொண்டு திரிந்தார். ஆனாலும் காலையில் முதல் வேலையாக வந்து கதவைத்தான் பார்த்தார். மணியடிக்கும் பொன்னையா தாழ்ப்பாளை இழுத்து இழுத்துக் காட்டினான். எண்ணெய் போட்டிருந்தான். வெண்ணெயாக வழுக்கியது.

இப்போது சிரிப்பு வரவில்லை.

பயம்.

ஆசனம் போனால் போகட்டும். காடு மேடெல்லாம் சைக்கிள் மிதித்து ஊழியம் செய்தவருக்கு அது இல்லாமலும் இருக்கத் தெரியும். பயமெல்லாம் மாசிலாமணியை நினைத்துத்தான். இறையியல் கல்லூரியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே தட்டு. இவர் மனைவியை அடக்கம் செய்த அன்று ஆராதனை நடத்தியவன் அவன்தான். பாதி ஜெபத்தில் உடைந்து அழுதவனும் அவன்தான். தேர்தல் முடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான். நின்றுகொண்டே திறக்காமல் இருந்தால்?

மறுபடி தட்டலாமா? முறையில் அதற்கு இடமில்லை.

உள்ளே ஏதோ உருண்டது. பெஞ்சு இழுபடும் சத்தம். யாரோ யாரையோ அதட்டினார்கள்.

ஆண்டவரே.

போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். வேண்டாம் என்று இவர் தலையசைத்தார்.

சடக்.

கதவு திறந்தது.

மாசிலாமணி நின்றார். மூச்சு இரைத்தது. வெள்ளை அங்கி தோள்பட்டையில் கிழிந்து தொங்கியது. கண்ணாடியைக் காணோம். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள், வாட்டசாட்டமான நாலைந்து பேர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் கேட்கும்படி மாசிலாமணி சொன்னார்.

"ஒண்ணுமில்ல அய்யா. தாழ்ப்பா சிக்கிக்கிட்டு. பழைய கதவுல்லா."

வாசல் முழுக்கப் பெருமூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். பாடகர் குழு பாட்டை எடுத்தது.

பேராயர் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

பிறகு மாசிலாமணியைப் பார்த்தார்.

"ஆமாலே," என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பழைய கதவு."

மாசிலாமணி கையை நீட்டினார். பிடித்துக்கொண்டபோது உள்ளங்கையெல்லாம் எண்ணெய் பிசுபிசுத்தது.